ஹ்யூபர்ட் கிளெக்கின் பதினெட்டாம் குழாய்

வாழ்க ஹ்யூபர்ட் கிளெக்! இங்கிலாந்தின் லங்காஷயர் மழையில் ஊறியும் துருவேறாத் தோளினனே, தகரக் கொட்டகையைக் கோட்டையாகவும் தீக்கறை படிந்த மேலங்கியைக் கவசமாகவும் கொண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாய் அணிந்த நாற்கண் நாயகனே, ஆயுளெல்லாம் கணக்கு அலுவலகத்தில் நாற்காலி தேய்த்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே நீராவியை அடிமைகொள்ளப் புறப்பட்ட அண்ணலே, நின் புகழ் பாட என் நா போதாது. போதாவிட்டாலும் விடப்போவதில்லை. குட்டி நீராவி ரயில் கட்டும் எங்கள் சங்கத்தில் நானும் சந்தா கட்டுகிறவன். உன் சொற்பொழிவுகளைக் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு கேட்டவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா என்ன?

மண்ணாசையும் பொன்னாசையும் அவனுக்கு இல்லை. ஊர்ப் பூங்காவைச் சுற்றி வளைந்தோடும் எங்கள் சிறு தண்டவாளத்தில், சங்கத்தின் திருவிழா நாளன்று, பிள்ளைகளை ஏற்றிய முதல் வண்டியைத் தன் கையால் கட்டிய முழங்கால் உயர எஞ்சின் இழுக்க வேண்டும் என்பதே அவன் ஒரே வேட்கை. எஞ்சின் முடிந்துவிட்டது, கொதிகலன் மட்டும் பாக்கி. அதில் தண்ணீரை நிரப்பி, ஓடும்போது தாங்க வேண்டியதைப்போல் இரட்டை அழுத்தம் ஏற்றி, சொட்டாமல் நின்றால்தான் பரிசோதகர் சான்று தருவார். சான்று இல்லையேல் வண்டி இல்லை.

சென்ற ஆண்டு சிரில் என்பவரின் கொதிகலனில் ஒரேயொரு துளி அரும்பியபோது, "துளியும் கசிவே! கசிவுக்குக் கருணை இல்லை!" என்று கமிட்டியில் முழங்கிச் சட்டம் செய்தவன் நம் நாயகனே. பாவம் சிரில், அந்தத் திருவிழா முழுக்கக் கோப்பை கழுவினார். பிறகு பரிசோதகர் பதவிக்கு ஆள் கிடைக்காதபோது மெல்லக் கையைத் தூக்கினார். எதற்குத் தூக்கினார் என்பது ஹ்யூபர்ட்டைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

சோதனைக்கு முந்தைய நாள் போர் மூண்டது. அமிலத்தில் நீராட்டி, எஃகுக் கம்பளியால் மேனி துலக்கி, முடிசூடப்போகும் இளவரசரென மின்னிய பதினெட்டுச் செப்புக் குழாய்களையும், தேன்கூடெனத் துளைபட்ட செப்புத் தகட்டினுள் ஒவ்வொன்றாய்ச் செலுத்தி, ஆப்பறைந்து வாய் விரித்து, வெங்காரக் குழம்பு பூசி, கழுத்துதோறும் உருகி ஒட்டவைக்கும் வெள்ளிப் பற்றாசுக் கம்பியை மோதிரமாய்ப் பூட்டிக்கொண்டே வந்தான் வீரன். வெறுங்கை படலாகாது, பிசுக்குப் பட்ட இடத்தில் பற்றாசு ஓடாது என்பது அவனே சங்கத்தில் ஆற்றிய பேருரை. அதனால் வெள்ளைக் கையுறை அணிந்திருந்தான்.

பதினேழு குழாய் இளவரசர்கள் அணிவகுத்துவிட்டார்கள். அப்போது மணி நான்கு அடித்தது. வானமே இடிந்து விழுந்தாலும் நான்கு மணித் தேநீரைத் தள்ளிப்போட்ட வீரன் அந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. அவன் மனைவி மேவிஸ், வெண்ணெய் உருகி வழியும் சூடான பன்னும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள்.

"கையுறைய கழட்டிட்டு சாப்பிடு. அப்புறம் கைய கழுவிட்டு வேலையத் தொடு."

"தெரியும், மேவிஸ். இதப்பத்தி நான் பேசியிருக்கேன்."

"பேசுவ. அதான் சொல்றேன்."

வெண்ணெய் மணிக்கட்டுவரை இறங்கியது. கை கழுவும் தொட்டியோ தோட்டத்துக்கு அப்பால், வெளியே மழை. நாயகன் இருபுறமும் நோக்கினான், கால்சட்டையில் கையைத் துடைத்தான், பதினெட்டாம் குழாயை வெறுங்கையால் எடுத்துச் செருகினான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே வெண்ணெயே தாழியை உடைத்தது.

இனித் தீ. செம்பு இருக்கிறதே, அது சூட்டை வாங்கி ஊரெல்லாம் வாரியிறைக்கும் ஊதாரி. ஒரு ஊதுவிளக்கு அதற்கு எம்மாத்திரம்? ஆகவே எங்கள் சங்கத்தில் எவன் கொதிகலன் கட்டினாலும் இரண்டாம் ஊதுவிளக்கு அவன் மனைவியின் கையில்தான். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்க மறந்த உறுதிமொழி அது ஒன்றே. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மேவிஸ் நின்றாள். இருபெருந் தீநாக்குகள் இருபுறமும் சீற, செம்பு செவ்வானமாய்ச் சிவக்க, பதினேழு மோதிரங்கள் பளீரென உருகிக் கழுத்தைச் சுற்றி ஓடின. பதினெட்டாவது மட்டும் ஓடாமல் உருண்டு நின்று முறைத்தது.

"கடைசி குழாயில ஓடலையே, ஹ்யூபர்ட். குண்டுமணி மாதிரி நிக்குது."

"ஆறினா சரியாயிடும்."

"ஆறினா ஓட்ஸ் கஞ்சிதான் கெட்டியாகும்."

ஆறியது. கைப்பம்பை மாட்டி அடித்துப் பார்த்தான். பதினெட்டாம் குழாயடியில் கண்ணீர் வந்தது. மறுபடி கழற்றிச் சுரண்டி, அமிலத்தில் கழுவித் தீ காட்டுவதே முறை. அதற்கு ஒரு நாள் வேண்டும், சோதனையோ விடிந்தால். அப்போதுதான் அந்த மாவீரன், எழுதவும் கை கூசும் அந்தக் காரியத்தைச் செய்தான். ஈயத்தை எடுத்துக் கசிவின்மேல் உருக்கி அடைத்தான். ஈயம் பட்ட செம்பில் அப்புறம் வெள்ளி ஒட்டாது. தீ காட்டினால் ஈயம் செம்பையே தின்றுவிடும். பிறன்மனை நோக்கியவனைக்கூட எங்கள் சங்கத்தில் உட்காரவைத்து டீ கொடுப்போம், ஈயம் வைத்தவனுக்குப் பச்சைத் தண்ணீர் கிடையாது.

"இது நீ தொடவே கூடாதுன்னு சொல்ற சாமான் இல்ல?" என்றாள் மேவிஸ்.

"இது தற்காலிகம்."

"குளியலறைக் கூரைக்கும் இதையேதான் சொன்ன."

மறுநாள் காலை சங்கக் கூடத்தில் களம் விரிந்தது. சிரில் பம்புக் கைப்பிடியைப் பற்றினார். கோப்பையும் பிஸ்கட்டுமாய்ச் சான்றோர் சூழ்ந்து நின்றோம். அழுத்தமானியின் முள் மேலேற, ஹ்யூபர்ட் மார்பை விரித்துப் பறைசாற்றினான்:

"அன்பர்களே, காண்மின்! துளி அறியாக் கொதிகலன் இது! இனி வரும் தலைமுறை கொதிகலன் எப்படிக் கட்டுவது என்று கேட்டால், இதைக் காட்டுமின்!"

முள் இரட்டை அழுத்தத்தைத் தொட்டது. பதினெட்டாம் குழாயடியில் ஒரு துளி அரும்பி, பருத்து, தொங்கி, விழுந்தது.

"இங்க ஈரம், ஹ்யூபர்ட்," என்றார் சிரில், குரலை உயர்த்தாமல்.

"காத்துல இருக்கிற ஈரம் சிரில். மழ பெய்யுதில்ல."

"மத்த பதினேழுக்கும் அதே காத்துதான."

ஹ்யூபர்ட் கைக்குட்டையால் துடைத்தான். அடுத்த துளி வந்து நின்றது. சிரில் குனிந்து கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். நகத்தில் சாம்பல் நிறம் ஒட்டியது. அவர் அதை யாருக்கும் காட்டவில்லை, காட்ட வேண்டிய தேவையும் இல்லை. நாங்கள் எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டோம்.

தோற்ற மன்னர் வாளூன்றி வடக்கிருந்து உயிர்விட்டதாகக் கேட்டிருக்கிறோம். நம் மன்னன் மனைவியைப் பார்த்தான்.

"மேவிஸ்தான் பர்னரக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சிட்டா. சூடு பத்தல."

எனக்கே சீ என்றாகிவிட்டது. மேவிஸ் மேலங்கியின் பொத்தான்களை நிதானமாகப் போட்டுக்கொண்டாள்.

"வெண்ணெய்க் கையோட அந்தக் குழாயத் தொட்டது நீ, உன் கால்சட்டையே சொல்லுச்சு. ஈயத்த வச்சது நீ. நான் பன்னு சுட்டேன், தீயப் பிடிச்சேன், ரெண்டுலயும் குத்தம் இல்ல. சிரில், நாளைக்குத் திருவிழாவுல முதல் வண்டி யாரோடது?"

"என்னோடதுதான் இருக்கும், மேவிஸ். போன வருஷத்துக் கசிவ அப்பவே சரி பண்ணிட்டேன்."

"எனக்கு ஒரு சீட்டுக் குடுங்க."

திருவிழாவன்று பூங்காவே பார்த்திருக்க, சிரிலின் எஞ்சினுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு நடுவே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மேவிஸ் சுற்றி வந்தாள். வீரனோ கொட்டகையில் தாழிட்டு அமர்ந்து, ஈயத்தை வெல்வேன் எனச் சூளுரைத்துத் தனியொரு தீயால் மீண்டும் போர் தொடுத்தான். ஈயம் செம்பைத் தின்றது. பதினெட்டாமவனோடு பக்கத்து மூவரும் வாய்பிளந்து சாய, கார்கால மேகமென நான்கு கண்ணாலும் அழுதது அக்கொதிகலன். இனி எந்தத் தீக்கும், எந்தப் பேருரைக்கும் அது அடங்காது என்று கண்டு, செங்களத்தில் சிரம் தாழ்த்தினான் நாற்கண் நாயகன்.

மேவிஸ் அந்தக் கொதிகலனில் தண்ணீர் ஊற்றிச் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூண்டில் தக்காளிச் செடிகளுக்கு மேலே சொட்டும்படி தொங்கவிட்டாள், அந்த வருஷம் நல்ல காய்ப்பு.