ஹாம்பர்க்கில் பன்னிரண்டு படுக்கைகள்

2007ஆம் ஆண்டு ஜூன் 18, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. மேகமூட்டம், தகரக் கூரையை அதிரவைக்கும் மேல்காற்று. திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், முதலாளி அறையை ஒட்டிய பலகைத் தடுப்புக்கு இப்பால், கம்பெனி ஊழியர்களுக்கு ஜெர்மன் கற்பிக்கும் ஆசிரியை வேல்விழி ஒரு மின்னஞ்சலை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஹாம்பர்க் நகர விடுதியொன்று பன்னிரண்டு பேருக்கு அறை உறுதி செய்திருந்தது.

அவள் கொடுத்ததோ வெறும் வீட்டுப்பாடப் பயிற்சி. அந்நகரில் இரண்டு நாள் தங்குவதாகக் கற்பனை செய்துகொண்டு, விடுதி, ரயில், சாப்பாட்டு விலைகளை இணையத்தில் தேடி, ஜெர்மனில் ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆனால் சொன்ன விலையை அப்படியே ஏற்பது திருப்பூரில் மரியாதைக் குறைவு. யாரோ கம்பெனி முகவரியிலிருந்தே பேரம் பேசிவிட்டார்கள்.

"ராஜ்கமல், நீயா?"

"சத்தியமா இல்ல டீச்சர். நான் எழுதியிருந்தா அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமா?"

வாதம் மறுக்க முடியாததாக இருந்தது. மேலும், வகுப்பில் இருந்தவர்களே பதினொருவர்தாம். பன்னிரண்டு என்பதை எண்ணிக்கைப் பிழை என்று மனத்துக்குள் சுழித்துவைத்தாள்.

வகுப்பைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முதலாளி லிங்கசாமி அன்று மாலை கையெழுத்திட இருந்தார். "வெளிநாட்டுக்காரங்ககிட்டக் கம்பெனி பேரு கெட்டுதுன்னா வகுப்பு வேண்டாமுங்க" என்று முன்பே சொல்லியிருந்தார். வகுப்பு போனால் வேல்விழியின் வேலையும் போகும்.

வர இயலாமைக்கு வருந்துவதாக, பணிவு சற்றும் குன்றாமல் எழுதினாள். விலைதான் தடை என்று எண்ணிய விடுதி, பத்து சதவீதம் குறைத்தது.

இது பாடப் பயிற்சி மட்டுமே என்று விளக்கினாள். மாணவர் குழுவுக்குப் பாதி விலை, காலைச் சிற்றுண்டி இலவசம் என்று பதில் வந்தது.

"இன்னும் ஒருக்கா முடியாதுன்னு சொல்லுங்க டீச்சர். ஃபிளைட் டிக்கெட்டும் போட்டுக் குடுத்துருவாங்க."

"நீ பேசாம இரு."

எவரும் வரப்போவதில்லை என்று ஒற்றை வாக்கியம் எழுதினாள். இலக்கணப்படி அதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆகவே விடுதிக்காரர் மின்னஞ்சலை விட்டுவிட்டு, முதலாளிக்கே தொலைபேசி செய்தார்.

தடுப்புக்கு அப்பால் மணி அடித்தது. கதவு சாத்தப்பட்டது. பேச்சு நீண்டது, காற்றிரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வேல்விழி தன் அகராதியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தேநீர் கொடுக்கும் பொன்னாத்தாள் அந்த அறையிலிருந்து வந்தார். ஒரு கையில் தம்ளர், மறு கையில் மடித்த தாள்.

"மொதலாளி உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாருங்க."

வகுப்பு மேலும் ஓராண்டு தொடரும். கீழே லிங்கசாமியின் முழுக் கையெழுத்து. வேல்விழிக்கு மூச்சு சீராக வந்தது. சீரானதும் பிழை கண்ணில் பட்டது.

"இதுலயும் மாணவர்கள் பன்னிரண்டுன்னு போட்டிருக்கே. பதினொண்ணுதானேங்க?"

"கணக்குச் சரிதானுங்க டீச்சர். நீங்க பாடம் நடத்தறப்பல்லாம் மொதலாளி இந்தத் தடுப்புல காத வெச்சுப் படிக்கறாரு; நீங்க குடுத்த ஊட்டுப்பாடத்த நெசமாவே செஞ்சது அவரு ஒருத்தருதானுங்க."