ஒரு சொட்டு நகப்பூச்சு

வண்டி ஓடக் கூடாது என்று முடிவெடுத்த அன்றுதான் ஸ்பார்க் தன் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமான மெக்கானிக் வேலையைச் செய்தார்.

ஸ்பார்க் என்பது தெரு வைத்த பெயர். நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்க்கிறவர். தெருவில் யாருடைய வண்டி படுத்துக்கொண்டாலும் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பொறி வரல" என்பார். பத்துக்கு எட்டுத் தடவை அது சரியாகவும் இருந்து தொலைக்கும். மீதி இரண்டைப் பற்றித் தெருவில் யாரும் பேசுவதில்லை. வீட்டில் மட்டும் பேச்சு வரும்.

அவருடைய பெருமை மொத்தமும் பின்பக்கத்து ஷெட்டில் நின்றது. பெட்ரோலில் ஓடும் கிழட்டு டிராக்டர். பழைய இரும்புக் கடையிலிருந்து துண்டு துண்டாக அள்ளி வந்து, நாலு வருஷம் மல்லுக்கட்டி உயிர் கொடுத்தது. உழுவதற்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. அதனாலென்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டால், அடுத்த ஞாயிறு வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்.

மனைவி தையல்காரி. கூடத்தில் மூன்று மெஷின். நாலாவது, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில். தினமும் அதைத் தாண்டிக் குதித்துத்தான் அவர் படுக்கைக்குப் போக வேண்டும்.

"ஏங்க, அந்த வண்டியை வித்துட்டா ஷெட்டுல ஆறு மெஷின் போடலாம். ரெண்டு பேரை வேலைக்கும் வெச்சுக்கலாம்."

"விக்கலாம்மா. எனக்கென்ன? ஆனா அது ஓடலையே."

"நேத்து ஓடுச்சே?"

"நேத்து ஓடுச்சு. இன்னிக்குப் பொறி வரல. ஓடாத வண்டியை எவன் வாங்குவான்? என் கையால அது மறுபடி ஓடட்டும், அன்னிக்கே சாவியைக் கொடுத்துடறேன். இது என் வாக்கு!"

பொய் சொல்லியாகிவிட்டது. இனி அதை உண்மையாக்க வேண்டும். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. என்ஜினில் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பாயிண்ட் என்று இரண்டு குட்டி முனைகள் உண்டு. அவை தொட்டுத் தொட்டு விலகினால்தான் பொறி. மனைவியின் நிறமில்லாத நகப்பூச்சை எடுத்து வந்து, அந்த முனையில் ஒரே ஒரு சொட்டு வைத்தார். காய்ந்ததும் கண்ணுக்கே தெரியவில்லை. இனி நாள் பூராவும் ஹேண்டிலைச் சுற்றினாலும் பொறி வராது. இப்பேர்ப்பட்ட மூளையைப் பற்றி யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியவில்லையே என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

ஆறு மாதம் நாடகம் நன்றாகவே ஓடியது. ஞாயிறுதோறும் ஷெட்டுக்குப் போவார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவார், எண்ணெய் விடுவார், ஹேண்டிலை நாலு சுற்றுச் சுற்றுவார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். "பொறி வரலம்மா." அவளும் "த்சொ" என்று சொல்லிவிட்டுத் தைத்துக்கொண்டிருப்பாள். அந்த "த்சொ"வைக் கேட்டு அவர் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார்.

"பெரிய மெக்கானிக்காம். கேள்விப்பட்டு வரச் சொன்னேன்" என்றாள் மனைவி.

வெள்ளைச் சட்டை. நகத்தில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. இவன் என்ன மெக்கானிக் என்று ஸ்பார்க்குக்கு அப்போதே இளக்காரமாகப் போய்விட்டது. வந்தவர் டிராக்டரை ஒரு சுற்று சுற்றினார். சட்டைப்பையிலிருந்து ஏதோ ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து உள்ளே வைத்தார்.

"பிளக் செத்துப்போச்சு சார்."

"என்னது?"

"பிளக்."

"சார், அந்தப் பிளக்கை வாரா வாரம் துடைக்கிறேன். என் பல்லைக்கூட அவ்வளவு அக்கறையா தேய்ச்சதில்ல."

"அது உண்மைதான்" என்றாள் மனைவி.

ஸ்பார்க் உடனே பிளக்கைக் கழற்றினார். விறுவிறுவென்று போய் அந்த ஆளுடைய ஸ்கூட்டர் ஒயரிலேயே மாட்டி, அதன் என்ஜின் மேல் சாய்த்து வைத்து ஒரு உதை உதைத்தார். பளிச்சென்று பொறி.

"இதுவா செத்துப்போச்சு?"

"அப்போ பொறிக்குக் கரண்ட் அனுப்பற காயில் போயிருக்கும்."

"யாரோட காயில்? என் காயிலா?" சாவியைத் திருப்பினார். காயில் ஒயரின் நுனியை என்ஜினுக்கு அருகே பிடித்துக்கொண்டு, பாயிண்டுக்குப் போகும் ஆணியை ஸ்க்ரூட்ரைவரால் என்ஜின் உடம்போடு தொட்டு எடுத்தார். டப்! நீலப் பொறி. அதில் பாதி அவர் விரலிலும் பாய்ந்தது.

"ஐயையோ, ஷாக்கா?" என்றாள் மனைவி.

"அடிக்கட்டும்! சிங்கம்டி என் காயில்!"

"அப்போ மூடி வெடிச்சிருக்கும்" என்றார் வந்தவர், கொட்டாவியோடு.

மூடியைக் கழற்றி வெயிலில் நீட்டினார் ஸ்பார்க். "ஒரே ஒரு கீறல் காட்டுங்க. மீசையை எடுத்துடறேன்."

மீசை தப்பியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிளக் நல்லது, காயில் நல்லது, மூடியும் நல்லது என்று தானே நிரூபித்தாகிவிட்டது. பாக்கி இருப்பது பாயிண்ட் மட்டும். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"விடுங்க சார். வயசான வண்டி. அதுக்கு மனசு வரல, அவ்வளவுதான்."

வந்தவர் குனிந்து உள்ளே பார்த்தார். நிதானமாக நிமிர்ந்தார்.

"வண்டி மேல தப்பே இல்ல சார். பாயிண்டை செட் பண்ணின கைதான் சரியில்ல. யாரோ கத்துக்குட்டி."



"நானும் நெனச்சேன். இவருக்கு இப்பல்லாம் கை நடுங்குது" என்றாள் மனைவி, ரொம்பவும் இரக்கமாக.

வண்டி போனால் போகட்டும், கொடுத்த வாக்குப்படி சாவியும் போகட்டும், கையைச் சொல்லிவிட்டார்களே! ஸ்பார்க்குக்குக் காது மடல் சிவந்தது. பார்வையைப் பாயிண்டிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"உப்புத்தாள்!"

கையில் ஏதோ வந்தது. மூன்றே தேய்ப்பு. மூடியை மாட்டினார், பிளக்கை இறுக்கினார், ஹேண்டிலை அரைச் சுற்றுதான் சுற்றியிருப்பார். ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த வண்டி ஒரே மூச்சில் கர்ஜித்து எழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. ஸ்பார்க்குக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கையா நடுங்கும்? உலகத்தில் இன்னொரு கை உண்டா?

"சார்" என்றார் வந்தவர், கும்பிடாத குறையாக. "நான் மெக்கானிக் இல்ல. செடி நாற்றுப் பண்ணை வெச்சிருக்கேன். இந்த வண்டி எனக்கு வேணும். ஆனா ஒரு நிபந்தனை. உங்களை விட்டா இதைப் பார்த்துக்க ஆள் கிடையாது. ஞாயித்துக்கிழமை தவறாம நீங்க பண்ணைக்கு வரணும்."

இந்தக் காலத்தில் தொழில் தெரிந்தவனை மதிக்கிற ஒரு மனுஷன்! ஸ்பார்க் சொன்ன சொல் தவறாதவர். என்ஜினை நிறுத்தினார். சாவியைத் துடைத்தார். தெருவே பார்க்க, இரண்டு கையாலும் கொடுத்தார். நாளைக்கு டிரைவரோடு வருவதாகச் சொல்லி வந்தவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அப்புறம்தான் தன் கையில் இன்னமும் இருந்த உப்புத்தாளைப் பார்த்தார். அது உப்புத்தாள் இல்லை. மனைவி நகம் தேய்க்கும் பட்டை.

"நகப்பூச்சு பாட்டில் மேல உங்க கட்டைவிரல் ரேகை இருந்துச்சுங்க, கிரீஸோட" என்றாள் அவள். அளவு நாடாவின் ஒரு நுனி ஷெட்டுச் சுவரில் இருந்தது. "இதைக் கொஞ்சம் பிடிங்க."

பிடிக்கப் போனவரின் காலடியில், வந்தவர் தவறவிட்ட சீட்டு. மனைவியின் கையெழுத்து. பிளக். காயில். மூடி. கை. நாலையும் வரிசையாகப் படித்தார். அஞ்சாவது: "வண்டி ஓடினதும், அவரை விட்டா ஆள் இல்லை, வாரா வாரம் வரணும்னு சொல்லுங்க."

ஆறாவது: "அதுக்கு மேல நீங்க பேச வேண்டாம். ரெண்டு கையாலயும் வாங்கிக்குங்க, அவர் அப்படித்தான் கொடுப்பார்."