இடுப்பளவுக்கு ஒரே ஆதாரம்

அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் அக்கா நலம். என் நலம் விசாரணையில் இருக்கிறது.

இன்று காலை பத்தரை மணிக்கு உறுதியான செய்தி: என் ரத்தத்தில் சி.ஆர்.பி. ஆறு புள்ளி இரண்டு. ஆதாரம், ஆய்வகத்தின் கையெழுத்திட்ட அறிக்கை. உடம்புக்குள் எங்கோ அழற்சி இருந்தால் ஏறுகிற அளவு இது. மூன்றைத் தாண்டக் கூடாதாம். எனக்குச் சளி, அதனால் ஏறியிருக்குமே என்று டாக்டரிடம் கேட்டேன்.

"ஏறும் சார். ஆனா தொப்பைக் கொழுப்பும் சும்மா கிடக்காது. உள்ளேயே புகைஞ்சுக்கிட்டு இருக்கும்."

ரத்த அழுத்தம், சர்க்கரை, இரண்டு வகைக் கொழுப்பு, இடுப்பளவு என ஐந்து கணக்கு; மூன்று தவறினால் மெட்டபாலிக் சிண்ட்ரோம், பின்னாலேயே நீரிழிவும் இதய நோயும் வரிசையில் நிற்குமாம். எனக்கு அழுத்தமும் ஒரு கொழுப்பும் ஏற்கெனவே தவறிவிட்டன. இடுப்பு முப்பத்தைந்தரை அங்குலத்துக்குள் இருந்தால் தப்பித்தேன். "முப்பத்து நாலு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "யாரு சொன்னா?" என்றாள் உங்கள் அக்கா. நம் தையல்காரர்தான், பதினைந்து வருடமாக. நேரே கடைக்கு இழுத்துப் போனாள். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சரணடைந்தார்.

"அம்மா, அம்பது தாண்டினவங்களுக்கு வாயால நாலு இஞ்சு குறைச்சுத்தான் சொல்லுவேன். நோட்டுல எழுதுறதுதான் நிஜம். வர்றவங்க மனசு நோகக் கூடாதில்ல?"

நோட்டில் முப்பத்தெட்டு! உங்கள் அக்கா தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், காஜா போடுபவர் சிரித்தார், வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன். நாற்பது வருடம் பத்திரிகையில் இரண்டு தரப்பையும் கேட்காமல் ஒரு வரி எழுதாதவன், சொந்த வயிற்று விஷயத்தில் மட்டும் ஒரே ஆளை நம்பியிருக்கிறேன்.

நாளை முதல் டீயில் சர்க்கரை கிடையாது. விடிந்ததும் மைதானத்தை எட்டுச் சுற்று. "என் தம்பியப் பாருங்க, இன்னும் முப்பத்திரண்டு!" என்று வேறு குத்துகிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். சளி இறங்கி மறு பரிசோதனை முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சி.ஆர்.பி. மூன்றுக்குக் கீழேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அத்தான்

பி.கு.: சிபாரிசு வேண்டாம், அதற்கான தகுதியை நீங்கள் இழந்துவிட்டீர்கள். உங்கள் அக்கா மறுபடி கடைக்குப் போய் நோட்டில் உங்கள் பக்கத்தையும் புரட்டியிருக்கிறாள். முப்பத்தாறு. ஆய்வகத்தில் உங்கள் பெயரையும் கொடுத்தாயிற்று. இருபத்து மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து சேரவும். இருவர் முடிவும் அன்று மாலை ஐந்துக்கு.