வைஸுக்கு ஒரு கைப்பிடி

திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு பாண்டிச்செல்வி வந்தபோது, பலகையைக் கவ்விப் பிடிக்கும் அவளுடைய இரும்பு வைஸில் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. 'தேவையற்ற பொருள். வெள்ளிக்கிழமைக்குள் அகற்றவும்.' கீழே சூப்பர்வைசர் வெங்கடேசனின் கையெழுத்து.

"யாருக்குத் தேவையில்ல?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஆடிட்மா. அத்தப் பாரு, துரு புடிச்சிக்கினு கீது. கைப்பிடி ஒடைஞ்சி, வளைஞ்ச கம்பிய சொருகி வெச்சிக்கினு கீற. ஆடிட்டர் பாத்தா இன்னா நெனைப்பாரு?"

ஒரகடத்தில் இருக்கும் அந்தக் கம்பெனி வெளிநாட்டுக்கு கியர்பாக்ஸ் அனுப்புகிறது. அவற்றுக்கான மரப்பெட்டிகளைச் செய்வது பாண்டிச்செல்வியின் வேலை. அந்த வைஸ், ஏதோ ஒரு பழைய தச்சுப் பட்டறையை ஏலம் விட்டபோது கம்பெனிக்கு வந்தது. தாடையில் 1926 என்று வார்த்திருந்தது. கோவில்பட்டியிலிருந்து அவள் இங்கே வந்து ஆறு வருடமாகிறது. ஆறு வருடமும் அதில்தான் அறுக்கிறாள்.

"ரெண்டு பிளாஸ்டிக் கிளாம்ப் வாங்கித் தரேன். லேட்டஸ்ட் மாடல்."

"லேட்டஸ்ட் கிளாம்புதான் போன வருசம் வழுக்கிச்சு." இடது பெருவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஐந்து தையல் போட்ட தழும்பு. "துரு போயி, கைப்பிடியும் வந்துட்டா சீட்டை எடுத்துருவீகளா?"

"மொதல்ல போவட்டும்."

"போகும்." வளைந்த கம்பியை உருவி, அவர் கண்ணெதிரிலேயே ஸ்கிராப் தொட்டியில் எறிந்தாள். பார்த்தவர்களுக்கு அது கம்பீரமாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு லாரி போய்விட்டது. கம்பி இல்லாமல் வைஸை இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

துருவுக்கு மருந்து புளி. கேன்டீன் மாஸ்டரிடம் கேட்டாள், அவரும் ஏதோ ஞாபகத்தில் தலையாட்டினார். ஒரு வாளி புளித்தண்ணீரில் வைஸைக் கழற்றிப் போட்டாள். மறுநாள் துரு சுத்தமாகப் போயிருந்தது. கூடவே பெயின்ட்டும் போயிருந்தது. அதோடு இருநூறு பேருக்கான ரசமும் போயிருந்தது.

"வாளி நெறைய புளிய கரைச்சிட்டியே! ஜனங்க வெந்நீருல சோறு பெசஞ்சி துன்னுகினு கீறாங்க!" என்று வெங்கடேசன் கத்தினார். வைஸைத் திருப்பிப் பார்த்து இரண்டாவது சீட்டை எழுதினார்: 'பெயின்ட் இல்லை.'

"அம்புட்டுத்தானே?"

ஸ்டோரில் மஞ்சள் பெயின்ட் மட்டும்தான் இருந்தது. தரையில் நடைபாதைக் கோடு போடுவது. இரண்டு கோட்டிங் அடித்தாள். புதன்கிழமை சேஃப்டி ஆபீசர் கார்முகில் வந்தார், பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார்.

"மஞ்சள்னா நடைபாதைம்மா. நடைபாதை மேல எந்தப் பொருளும் வைக்கக் கூடாது."

"இதுமேல யாரு சார் நடக்கப் போறா?"

அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். மூன்றாவது சீட்டு வெளியே வந்தது.

"செல்வி, விட்ரு," என்றான் பக்கத்து பெஞ்ச் வனமாமலை. நாங்குநேரிக்காரன், சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறவன். "அவங்க குடுக்குற கிளாம்ப வாங்கிக்கோ."

"விரலு என்னோடது. நான் ஏன் விடணும்?"

அன்று மாலை படப்பை கடைத்தெருவில் ஒரு மண்வெட்டிக் காம்பு வாங்கினாள். நல்ல கருவேலம். ஆனால் வைஸின் துளையில் நுழையாத தடிமன். இழைத்துத்தான் நுழைக்க வேண்டும். இழைப்பதற்குக் காம்பை வைஸில் பிடிக்க வேண்டும். வைஸை இறுக்கக் கைப்பிடி வேண்டும். கைப்பிடியோ இன்னும் மண்வெட்டிக் காம்பாகவே இருந்தது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பாண்டிச்செல்வி வனமாமலையைப் பார்த்தாள்.

"என்னைய ஏன் பாக்க?"

"உக்காரு. காம்பை நெஞ்சோட அணைச்சுப் புடி. மூச்சு மட்டும் விட்டுக்கோ, அசையாத."

அரை மணி நேரத்தில் காம்பு மெலிந்தது. வனமாமலையின் சட்டையில் இரண்டு பொத்தான்கள் சீவலோடு சேர்ந்து போயின. "பொண்டாட்டி கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று அவன் புலம்பப் புலம்ப, அவள் காம்பை அளவாக வெட்டித் துளையில் நுழைத்தாள். இரண்டு முனையிலும் நழுவாமலிருக்க மரக்குமிழ் வைத்து ஆணி அடித்தாள். திருகில் எண்ணெய் விட்டு ஒரு விரலால் சுற்றினாள். தாடை சத்தமே இல்லாமல் ஓடி வந்து மூடிக்கொண்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வனமாமலை பார்ப்பதற்குள் முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆடிட்டர் வந்தார். மூன்று சிவப்புச் சீட்டுகளோடு மஞ்சளாக நின்ற வைஸையும், அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவளையும் பார்த்தார். வெங்கடேசனுக்கு வியர்த்தது.

"இதை எடுக்கணும்னா என்னைய எடுத்துட்டுத்தான் எடுக்கணும்," என்றாள் அவர் கேட்பதற்கு முன்பே.

ஆடிட்டர் கைப்பிடியைச் சுற்றினார். இன்னொரு முறை சுற்றினார். "நூறு வருஷத்து வைஸ். என்ன அருமையா ரெடி பண்ணிருக்கீங்க! இந்தக் கம்பெனியில நான் பார்த்ததுலயே நல்ல விஷயம் இதுதான்," என்றார்.

மூன்று சீட்டுகளையும் வெங்கடேசனே கழற்றினார். மேனேஜர் வந்து கை தட்டினார். போட்டோ எடுத்தார்கள். வனமாமலைகூட பொத்தானில்லாத சட்டையை மூடிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

சனிக்கிழமை காலை அவளுடைய பெஞ்சில் வைஸ் இல்லை. நான்கு போல்ட் துளைகளும், கவர் பிரிக்காத இரண்டு பிளாஸ்டிக் கிளாம்புகளும் இருந்தன.

"கம்பெனியோட பெருமைமா அது," என்றார் வெங்கடேசன் தரையைப் பார்த்தபடி. "ரிசப்ஷன்ல வெச்சிட்டாரு மேனேஜர்."

பாண்டிச்செல்வி ஒரு பைன் பலகையைத் தோளில் போட்டாள். ரம்பத்தை எடுத்தாள். ஏ.சி. அறைக்குள் செருப்போடு நுழைந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு எதிரே, தேக்கு மேஜையில் வைஸை போல்ட் போட்டு வைத்திருந்தார்கள். சுற்றிலும் நீல வெல்வெட் கயிறு. 'தொடாதீர்கள்' என்று இரண்டு மொழியில் பலகை.

"அக்கா, இன்னா பண்ற?" ரிசப்ஷனில் இருந்த சசிரேகா எழுந்துவிட்டாள்.

"வேலை பாக்கேன்."

கயிற்றைத் தாண்டினாள். பலகையை வைஸில் வைத்து இறுக்கினாள். அறுக்கத் தொடங்கினாள். மரத்தூள் சோபாவில் விழுந்தது, பூச்சாடியில் விழுந்தது, அப்போதுதான் உள்ளே வந்த மூன்று வெளிநாட்டுக் கஸ்டமர்களின் கறுப்புக் கோட்டுகளில் விழுந்தது. பின்னால் வந்த மேனேஜரின் வாய் திறந்தபடி நின்றது.

"பாண்டிச்செல்வி!" வெங்கடேசன் ஓடி வந்தார். "நிறுத்து! என் வேலயும் பூடும்!"

"இந்தப் பலகை அறுந்து முடியாம நான் நகர மாட்டேன். வைஸுங்கிறது பலகையப் புடிக்கத்தான். பாத்துக்கிட்டு நிக்க இது என்ன பொம்மையா?"

கஸ்டமர்கள் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். பிடிக்கட்டும் என்று இன்னும் வேகமாக அறுத்தாள். பலகை இரண்டாகப் பிரிந்து விழுந்தது. மேனேஜர் கஸ்டமர்களைக் கூட்டிக்கொண்டு அவசரமாகத் தன் அறைக்குள் போனார். கதவு மூடியது.

அந்தக் கதவு எதற்குத் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து நின்றாள். கழுத்தில் கிடந்த ஐடி கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "அவுக கேக்கதுக்கு முந்தி நானே குடுத்துட்டேன்னு சொல்லு."

சசிரேகாவின் போன் அடித்தது. "சரி சார்... சரி சார்..." என்று கேட்டுவிட்டு வைத்தாள். கார்டை எடுத்து அவள் கையிலேயே திணித்தாள்.

"கஸ்டமருங்களுக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சாம்க்கா. திங்கக்கெழமைலருந்து டெய்லி பதினோரு மணிக்கு வந்து இதே மாதிரி அறுக்கச் சொல்றாரு. கோவத்த மட்டும் கொஞ்சங்கூடக் கொறைச்சிடக் கூடாதாம்."