ஐந்தாம் வேற்றுமையில் ஒரு படகு

அறங்காவலர் என்றால் அறத்தைக் காப்பவர் என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழை நாட்டை வெகுகாலமாக அரித்து வருகிறது. அந்தச் சொல்லை இரண்டாம் வேற்றுமையில் விரிப்பதால் வந்த வினை இது. ஐந்தாம் வேற்றுமையில் விரித்தால் எல்லாம் விளங்கும்: ஒரு பொருளை அறத்திலிருந்து காப்பவரே அறங்காவலர்.

சான்று, மீமிசல் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள், கடலில் மாட்டிக்கொள்பவர்களை மீட்க ஒரு ஃபைபர் படகு வாங்கி, ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். அறங்காவலர்கள் மூவர்: ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஆத்மநாதன், ஐஸ் கம்பெனி சவரியப்பன், மீனவர் பிரதிநிதி இருளாண்டி. படகுக்குக் கூரை வந்தது, கம்பிவேலி வந்தது, பூட்டு வந்தது, தார்ப்பாயும் வந்தது. இரண்டு வருடமாகியும் அதன் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடலில் இருளாண்டியின் வள்ளத்து இன்ஜின் நின்றது. காற்று அதைக் கிழக்கே, இலங்கை எல்லைப் பக்கம் தள்ளியது. அவர் மனைவி செவந்தி, கடலிலிருந்து அவர் பேசிக்கொண்டிருந்த செல்போனோடு ஆத்மநாதனிடம் ஓடினாள்.

"அண்ணே, படகுச் சாவியக் குடுங்க. அவுக எல்லைப் பக்கம் போயிக்கிட்டிருக்காக."

"படகு ஒங்களுதுதாம்மா. ஒங்களுக்காகத்தான் நாங்க வச்சிருக்கோம். குடுத்துட்டா அப்பறம் எதை வச்சிருக்கிறது?"

"ஆபத்துக்குன்னுதானே வாங்குனது?"

"ஆபத்துக்கு எடுத்துட்டுப் போனா படகுக்கு ஆபத்து வராதா? சரி, எழுதிக் குடுங்க. மூணு அறங்காவலர் கையெழுத்து வேணும். நான் போடுறேன். சவரியப்பன் போடுவாரு. மூணாவது ஆளு எங்க?"

செவந்தி போனை நீட்டினாள்.

"இந்தா இருக்கேன்ணே," என்றார் இருளாண்டி போனில். "போட்டதா வச்சுக்கங்க."

"நேர்ல வந்துதான் போடணும். அந்த விதிய நீங்கதான் முன்மொழிஞ்சீங்க."



"ஆமா," என்றார் இருளாண்டி. "படகு களவு போயிரக்கூடாதுன்னு."

மாலையில், வடக்கே கட்டுமாவடி ஊரிலிருந்து வந்த படகு ஒன்று, யாரிடமும் கையெழுத்து வாங்காமல், அவரைக் கரைக்கு இழுத்து வந்தது. உடனே அவசரக் கூட்டம். ஈரக் கைலியோடு இருளாண்டி எழுந்து நின்றார். வேலியைப் பிடுங்கச் சொல்வார் என்று செவந்தி காத்திருந்தாள்.

"படகு மேல தப்பு இல்ல," என்றார் அவர். "கையெழுத்துப் போடுற ஆளு கடல்ல கெடந்ததுதான் தப்பு."

அறங்காவலர்கள் இனிக் கடலுக்குப் போகலாகாது என்றும், அதற்கு ஈடாக நிழலில் ஒரு நாற்காலியும் ஊரார் பிடித்துவரும் மீனில் ஒரு பங்கும் அவர்களுக்கு உரியன என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அறங்காவலர் எத்தனை பேர் இருக்கலாம் என்று அதில் எழுத மறந்துவிட்டார்கள்.

பொங்கலுக்குள், வள்ளம் வைத்திருந்த எல்லாரையும் சேர்த்து, ஊரில் அறங்காவலர்கள் நாற்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். செவந்தி இப்போது மீன் வாங்கக் கட்டுமாவடிக்கு பஸ் ஏறுகிறாள்.