தலைவரின் அரை மீசையும் தண்ணீர்த் தாங்கித் தாச்சியும்

உலகத்தில் எத்தனையோ சலூன்கள் இருக்கலாம். மீசையின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு, மறுபக்கத்தை அந்தரத்தில் விட்டு, கத்தரிக்கோலும் கையுமாகக் தண்ணீர்த் தாங்கி மேல் ஏறி ஓடுகிற சலூன்காரர் ஒரே ஒருவர்தான். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் இருக்கிறார். பெற்றோர் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். ஊருக்கு அவர் சிக்னல். அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போய், சலூனுக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கைபேசியில் பேச வேண்டுமென்றால் வாவிக்குள் முழங்காலளவு இறங்கி நிற்க வேண்டும். பேச்சு நீண்டால் இடுப்பளவு. அக்கரையிலோ, கண்ணுக்கெதிரே, காத்தான்குடியில் வீட்டுக்கு வீடு இணையம்.

"கண்ணுக்குத் தெரியிற தூரத்தில கிடக்கு. அத எடுக்க ஏலாதெண்டா நமக்கு எதுக்கு சேர் மூளை?" என்று என் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்பார் சிக்னல்.

கட்டாரில் முடி வெட்டிய காலத்தில், கைபேசியில் வீடியோ பார்த்துக் கற்றதுதான் அவருடைய பொறியியல். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்த றிஸ்வானுக்குக் காத்தான்குடியில் புடவைக்கடை. றிஸ்வான் தன் மாடியிலிருந்து இணையத்தைக் காற்றில் அனுப்புவார், சிக்னல் இங்கே பிடிப்பார். பிடிப்பதற்கு, ஊர்ச் சங்கத்தில் கலியாணப் பலகாரம் சுடுகிற பெரிய இரும்புத் தாச்சியை இரவல் வாங்கினார். எதற்கென்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அதன் நடுவே ஒரு கம்பி, கம்பி நுனியில் தீப்பெட்டியளவு ஒரு கருவி. சலூனுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் அதை நிமிர்த்திக் கட்டினார்.

இரண்டு கரையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டுமே? சலூன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மேலே ஏறி, வெயிலை அக்கரைக்கு அடித்தார். அங்கிருந்து றிஸ்வான் கடைக் கண்ணாடியால் திருப்பி அடித்தார். இடையில் வாவியில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரச் சேலையோடு நேரே சலூனுக்கு வந்தார்கள். வழியில் விளக்குமாறும் எடுத்துக்கொண்டார்கள்.

"கண்ணாடியால எங்களுக்கு வெளிச்சம் அடிக்கிறியாடா?"

"உங்களுக்கில்லக்கா, புடவக் கடைக்கு!"

அது முழு உண்மை. அதனால்தான் யாரும் நம்பவில்லை.

அடி வாங்கினாலும் இணையம் வந்துவிட்டது! தோணியைக் கரையில் இழுத்துப் போட்டதும் மீனவர்கள் சலூன் வாசலில் நின்று ஊரூராக மீன்விலை விசாரித்தார்கள். வழக்கமான வியாபாரி வந்து விலை சொன்னபோது, முதன்முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். சிக்னலுக்குத் தலைகால் புரியவில்லை.

"வயர் வாறதெண்டா றோட்டு வேணும், போஸ்ட் வேணும், ஆரும் பெரியாள் வந்து றிப்பன் வெட்ட வேணும். காத்துல வாறதுக்கு ஒண்டும் வேணாம் சேர். நம்மளப் போல ஊருக்கெண்டே செஞ்ச சாமான்!"

ஒரே குறை, நீர்க்காகம் வந்து குந்தினாலும் தாச்சி அசைந்து இணையம் அறுந்துவிடும். யாராவது "வெட்டுது" என்று கத்தினால் போதும், கையிலிருக்கும் மீசையை விட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார்.

இப்படியிருக்கையில் சங்கத் தலைவரின் மகள் தர்சினிக்குக் கலியாணம் வைத்தார்கள். தர்சினி ஒரு கொழும்புக் கம்பனியின் கணக்கு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். தலைவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். "நீ கொழும்புக்குப் போனா, வாற மாப்பிள என்னோடயா குடும்பம் நடத்துற?" என்றார். வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்று அவள் சொன்னதற்கு, "நம்மட வீட்டில போனே இழுக்காது, வேலை இழுக்குமா?" என்று சிரித்தார்.

நேர்முகத் தேர்வு, இணையத்தில், பலகாரம் சுடும் நாளன்று காலையில் வந்து விழுந்தது. தர்சினி யாருக்கும் தெரியாமல் சலூனின் பின்னறையில் கைபேசியோடு உட்கார்ந்தாள். முன்னறையில் நான் என் முறைக்குக் காத்திருந்தேன். வந்தார் தலைவர்.

"எங்கடா தாச்சி? இன்னும் கழட்டல்லியா? பொம்புளையள் எண்ணெயோட பாத்துக்கொண்டிரிக்காளுவள்!"

சிக்னல் கலங்கவே இல்லை. "தாறன் தலைவர். கலியாண வீட்டுக்காரர் இந்த மீசையோடயா திரியிற? இரிங்க, ரெண்டு நிமிசம்."

உட்கார்ந்தார். சரக் சரக்கென்று இடப்பக்க மீசையை ஒட்ட வெட்டிய சிக்னல், அத்தோடு நிறுத்தி, கத்தரிக்கோலைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாதி மீசையோடு எந்தத் தலைவர் தாச்சி பிடுங்கத் தெருவில் இறங்குவார்?

எல்லாம் சரியாக நடந்திருக்கும், கச்சான் காற்று மட்டும் வராதிருந்தால். மேலே தாச்சி 'டங்' என்றது. பின்னறையிலிருந்து குரல் வந்தது: "அண்ணே, வெட்டுது! ஐயோ அண்ணே!"

தலைவர் எழுந்தார். "அது என்ட மகள்ற குரல்."

சிக்னல் வழக்கம்போல ஓடிவிட்டார். தலைவர் திரையை விலக்கினார். கண்ணீர் முட்டிய மகள், அசையாமல் நின்றுவிட்ட கைபேசியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, இஞ்ச இருந்தே செய்யிற வேலப்பா. மேல தாச்சி நிண்டாப் போதும்."

தலைவர் அரை மீசையோடு வெளியே போனார். தாச்சியைப் பிடுங்கத்தான் போகிறார் என்று நான் பின்னால் ஓடினேன். மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஆணி கழன்ற தாச்சியோடு தனியே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் சிக்னல். தலைவர் அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார்.

"தலைவர், வயித்த உள்ளுக்கு எடுங்க! கொழும்புக்கு வழி விடுங்க!"

வயிறு உள்ளே போனது. கீழே தர்சினியின் குரல் மறுபடி எழுந்தது, தடுமாறாத ஆங்கிலத்தில். தலைவர் அசையவில்லை. தாச்சியைத் தேடி வந்த பெண்களும் ஊரில் பாதியும் தாங்கியடியில் கூடி, அரை மீசையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"தாச்சிய இறக்கித் தாங்களன்!" என்று மனைவி கத்தினார்.

"பலகாரம் நாளைக்குச் சுடு! என்ட பிள்ள பேசுறாள்!"

வேலை கிடைத்தது. கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளை பெண்வீட்டில், பெண் கொழும்புக் கம்பனியில், இருவரும் ஒரே கூரையின் கீழ். தாச்சி தாங்கிக்கே சொந்தம் என்று சங்கம் தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவர் தலைவர்.

நான் இப்போது மட்டக்களப்பு நகரத்தில் இருக்கிறேன். தெருவுக்குத் தெரு சலூன், குளிரூட்டியும் உண்டு. இருந்தும் முடி வளர்ந்தால் வாவியைக் கடந்து அங்கேதான் போகிறேன். மனுசன் பாதியில் விட்டுவிட்டு மேலே ஓடும்போது, வாசலில் யாரோ தூரத்துச் சொந்தத்தோடு பேசிக்கொண்டிருப்பது கேட்கும். அவர் இறங்கி வரும்வரை, அரை மீசையோடு, சந்தோசமாக உட்கார்ந்திருப்பேன்.