எல்லர்ஸ்லி மஞ்சூரியா

தண்டவாளச் சரித்திரக்காரர் என்றோர் இனம் உண்டு, வாசகரே. எண்பத்தாறில் நியூசிலாந்தின் ஒக்லன்டில் இருந்த கொஞ்சத் தமிழருக்குள்ளேயே எங்களுக்கும் ஒருவர் கிடைத்தார் என்றால், உலகம் முழுக்க எத்தனை பேர் இருப்பார்கள்?

எங்களுடையவர், நகரின் எல்லர்ஸ்லிப் பகுதியில் குடியிருந்த எல்லர்ஸ்லி இராசநாயகம். அவர் வீட்டு வெள்ளிக்கிழமைப் பஜனைக்குப் போய் உட்கார்ந்ததும் மேசையில் கரண்டிகள் தண்டவாளமாக நீளும். இந்தப் பக்கம் ரஷ்யப் பேரரசு, அந்தப் பக்கம் அதே பேரரசின் துறைமுகம் விளாடிவொஸ்டொக், இடையில் உங்கள் தட்டு மஞ்சூரியா, சீனருடையது.

"சுத்திப் போனாத் தூரமெண்டு சார் மன்னன் கேட்டு வாங்கிக் குறுக்கால ரயில் விட்டான். பிறகு பாதைக்குக் காவல், காவலுக்குக் குடியிருப்பு. கடைசியில அடுத்தவன்ர நாட்டைத் தன்ர பின்வளவெண்டே நினைச்சிட்டான். வெக்கக்கேடு."

சொல்லிக்கொண்டே உங்கள் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடிப்பார்.

அவர் வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில் அடுத்த வீட்டு வசந்தமலரின் வளவு. சுற்றிப் போனால் பன்னிரண்டு நிமிடம், குறுக்கே மூன்று. இராசநாயகம் வழி கேட்டார். "ஓம், அதுக்கென்ன அண்ணை," என்றார் வசந்தமலர். பஜனைக்கு வருகிறவர்களும் அப்படியே வரத் தொடங்கினோம். முதல் மாதம் அது வசந்தமலரின் வளவு. சேற்றுக்குக் கொங்கிரீட் கல் பதித்ததும் 'பாதை'. விளக்கு நட்டதும் 'எங்கட பாதை'. வசந்தமலர் ஆசை ஆசையாய்க் கத்தரிக்குப் பாத்தி கட்டிக் கன்று நட்டபோது, இராசநாயகம் கயிறு பிடித்து அளந்து, பாதையின் இரு பக்கமும் மும்மூன்று அடி விடவேண்டும் என்றார்.

"அண்ணை, இது என்ர வளவல்லோ?"

"ஆர் இல்லையெண்டது? நான் பாதையைப் பற்றியல்லோ கதைக்கிறன்."

மறுநாள் இராசநாயகம் மும்மூன்று அடிக்குள் நின்ற கன்றுகளைப் பிடுங்கி, வசந்தமலரின் வாசற்படியில் மரியாதையாக அடுக்கி வைத்திருந்தார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. வசந்தமலர் வளவின் படலைக் கதவைப் பூட்டினார்.

இராசநாயகம் சும்மா இருப்பாரா? ஊரில் ஒரு முழ வேலிக்குப் பதினாறு வருடம் வழக்காடிய பரம்பரை. அடுத்தவர் காணியால் நடந்து போகும் வழிவாய்க்கால் உரிமை கோரி ஒரு மனு எழுதினார். யாருக்கு? அது அவருக்கே தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை, தேவாரம் முடிந்த கையோடு, மனு கை மாறி வந்தது. இருபத்தேழு பேர் ஒப்பமிட்டோம். ஓம், நானுந்தான். என்ன செய்ய? பன்னிரண்டு நிமிடமும் மழையில் நனைந்து வந்திருந்தோம்.

வசந்தமலர் தன் கைக்கு வந்த மனுவில் இருபத்தேழு பெயரையும் வாசித்துவிட்டு, மிச்சக் கன்றுகளையும் தானே பிடுங்கினாராம்.

நீங்கள் ஒப்பமிட்டிருக்க மாட்டீர்கள், வாசகரே. நம்புகிறேன். அதிருக்கட்டும், இவ்வளவு நாளும் ரயிலால் இறங்கி எந்த வழியால் வந்தீர்கள்?